தவிட்டுக்குள் பூட்டிக் கிடப்பது ரத்தத்துக்கு வருமா?

கேள்வி, பிப்ரவரி 9
"முழு தானியத்தில் பழங்களுக்கு ஈடாக ஆன்டிஆக்ஸிடன்ட் இருக்கிறது, சாப்பிட்டதும் அத்தனையும் ரத்தத்தில் கலந்து வேலை செய்யும் என்று ஒரு பாக்கெட்டின் பின்பக்கம் படித்தேன். அத்தனையும் எப்படிக் கலக்கும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்."

பிப்ரவரி 9, இரவு 10.40
கலக்காது. அத்தனையும் கலக்காது, பாதிகூடக் கலக்காது.

கோதுமையை எடுத்துக்கொள்வோம். அதில் ஆன்டிஆக்ஸிடன்ட் என்று சொல்லப்படும் ஃபீனாலிக் அமிலங்களில் பெரும்பங்கு ஃபெருலிக் அமிலம். அதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தனியாக இருப்பதில்லை. தவிட்டின் செல்சுவரில் அராபினோசைலான் என்ற நார்ச்சத்தோடு எஸ்டர் பிணைப்பால் கட்டுண்டு கிடக்கிறது. அந்தக் கட்டை அவிழ்க்கும் நொதி நம் சிறுகுடலில் பேருக்குத்தான் இருக்கிறது. ஆகவே அந்த ஒன்பது பங்கும் சிறுகுடலை வேடிக்கை பார்த்தபடி தாண்டிப் போய்விடும்.

ஆய்வுக்கூடத்தில் மொத்த அளவைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் மாவைக் காரக் கரைசலில் போட்டுப் பிணைப்பை உடைத்தாக வேண்டும். (காரம் என்றால் மிளகாய் அல்ல, சோடியம் ஹைட்ராக்சைடு.) நம் குடலில் அந்த வசதி கிடையாது. அப்படி உடைத்துக் கிடைக்கும் எண்ணுக்கும் ரத்தத்துக்கு வரும் அளவுக்கும் ரொம்ப தூரம். சுருக்கமாகச் சொன்னால், வீண்.

பிப்ரவரி 9, இரவு 11.15
படுக்கப் போகும்போது நினைவு வந்தது. மீதி ஒரு பங்குக்கும் குறைவாகத் தனியாகக் கிடக்கிறதே, அது நன்றாகவே உறிஞ்சப்படுகிறது, அதுவும் வேகமாக. ஆனால் உள்ளே வந்த வேகத்திலேயே குடல் சுவரும் கல்லீரலும் அதைப் பிடித்து சல்பேட்டையோ குளுகுரோனிக் அமிலத்தையோ ஒட்டிவிடுகின்றன. ஒட்டினால் நீரில் எளிதாகக் கரையும், சிறுநீரகம் வெளியேற்றிவிடும். வேண்டாத விருந்தாளியின் கையில் பையைக் கொடுத்து வாசல்வரை கொண்டுபோய் விடுவது மாதிரி. நாம் கொண்டாடும் ஆன்டிஆக்ஸிடன்ட்டை உடம்பு ஒரு அந்நியப் பொருளாகத்தான் பார்க்கிறது. ரத்தத்தில் சுற்றுவது பெரும்பாலும் இந்த ஒட்டுப்போட்ட வடிவம்தான். தட்டில் வளர்த்த செல்கள் மேல் சுத்தமான ஃபெருலிக் அமிலத்தை ஊற்றிப் பார்த்துவிட்டு "இது இன்னதைக் குணப்படுத்தும்" என்று வரும் செய்திகளை நான் படிப்பதையே விட்டுவிட்டேன்.

பிப்ரவரி 10, காலை
உமியையா சாப்பிடச் சொல்கிறீர்கள் என்று ஒருவர் கோபப்பட்டிருக்கிறார். நான் எதையும் சாப்பிடச் சொல்லவில்லை. உமி வேறு, தவிடு வேறு. உமி மணியின் வெளிக்கூடு, அதை நீக்கித்தான் ஆக வேண்டும். தவிடு மணியோடு ஒட்டிய தோல் அடுக்குகள். முழு தானியம் என்றால் தவிடு, முளைக்கரு, மாவுப் பகுதி மூன்றும் சேர்ந்தது. வெள்ளை மாவு என்பது மூன்றாவது மட்டும். பேசிக்கொண்டிருக்கும் சேர்மங்களில் முக்கால்வாசி முதல் இரண்டில் இருக்கிறது.

பிப்ரவரி 12, மாலை
மூன்று நாள் முன்பு "வீண்" என்று எழுதினேன் அல்லவா, அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். சிறுகுடலோடு கதையை முடித்துவிட்டேன். அதற்கப்புறம் ஒன்றரை மீட்டர் பெருங்குடல் இருக்கிறது.

அங்கே குடியிருக்கும் பாக்டீரியாக்களில் சிலவற்றிடம் அந்தக் கட்டை அவிழ்க்கும் எஸ்டரேஸ் நொதி இருக்கிறது. அவை அராபினோசைலானைத் தின்ன வருகின்றன, வழியில் ஃபெருலிக் அமிலத்தைக் கழற்றிப் போடுகின்றன. நார்ச்சத்து புளித்து அசிட்டிக், புரோபியோனிக், பியூட்டிரிக் என்ற குறுஞ்சங்கிலி அமிலங்களாகிறது. பெருங்குடல் சுவரின் செல்கள் தங்கள் ஆற்றலில் ஏறக்குறைய 70 சதவீதத்தை அந்த பியூட்டிரிக் அமிலத்திலிருந்துதான் எடுக்கின்றன. அதாவது ரத்தத்துக்கு வராமலேயே வேலை நடந்துவிடுகிறது. இதை நான் முதல் நாளே யோசித்திருக்க வேண்டும்.

கழன்ற ஃபெருலிக் அமிலத்தையும் அவை சும்மா விடுவதில்லை. இரட்டைப் பிணைப்பில் ஹைட்ரஜனை ஏற்றும், மெத்தில் தொகுதியைக் கடித்துத் துப்பும், ஹைட்ராக்சில் தொகுதிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கும். கடைசியில் ஃபீனைல்புரோபியோனிக் அமிலம் போன்ற எளிய எலும்புக்கூடுகள் மிஞ்சும். அவை உறிஞ்சப்பட்டுக் கல்லீரலுக்குப் போனதும் அங்கே வால் குறைந்து பென்சாயிக் அமிலமாகி, கிளைசினோடு சேர்ந்து ஹிப்யூரிக் அமிலமாகச் சிறுநீரில் இறங்கும். ஆக, தவிட்டில் இருந்தது ஒன்று, நாம் வெளியேற்றுவது வேறொன்று. நடுவில் இரண்டு தொழிற்சாலைகள், அதில் ஒன்று நம்முடையதே அல்ல.

நேரத்தையும் பாருங்கள். தனியாக இருந்த ஃபெருலிக் அமிலம் சாப்பிட்ட ஓரிரு மணி நேரத்தில் வந்துவிட்டுப் போய்விடும். கட்டுண்டது பெருங்குடலைத் தொடவே நான்கு முதல் ஆறு மணி நேரம் ஆகும், அப்புறம் ஒரு நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். நான் "வீண்" என்றது உண்மையில் "தாமதம்".

பிப்ரவரி 12, சற்று நேரம் கழித்து
ரொம்பவும் உற்சாகப்பட வேண்டாம். கோதுமைத் தவிடு முழுசாகப் புளிப்பதே இல்லை, பெரும்பகுதி அப்படியே வெளியேறும். மலச்சிக்கலுக்கு அது உதவுவதற்குக் காரணமே அதுதான். ஆகவே அதோடு ஒட்டியிருக்கும் ஃபெருலிக் அமிலத்திலும் கணிசமான பங்கு கட்டு அவிழாமலேயே போய்விடும்.

பிப்ரவரி 13
பெயர்களைப் பற்றி ஒரு உதிரித் தகவல். ஃபெருலிக் என்ற பெயர் வந்தது பெருங்காயச் செடியிலிருந்து. அதன் லத்தீன் பெயர் ஃபெருலா. 1866-ல் ஹ்லாசிவெட்ஸ், பார்த் என்ற இருவர் பெருங்காயப் பிசினிலிருந்து இந்த அமிலத்தைப் பிரித்தெடுத்தார்கள். ஹிப்யூரிக் என்ற பெயர் குதிரையிலிருந்து, ஹிப்போஸ் என்றால் கிரேக்கத்தில் குதிரை. 1829-ல் லீபிக் என்ற ஜெர்மன் வேதியியலாளர் குதிரை மூத்திரத்தில் கண்டு வைத்த பெயர். உள்ளே போகும்போது பெருங்காயம், வெளியே வரும்போது குதிரை.

1842-ல் வில்ஹெல்ம் கெல்லர் பென்சாயிக் அமிலத்தைத் தானே விழுங்கி, தன் சிறுநீரில் ஹிப்யூரிக் அமிலம் வந்திருப்பதைக் காட்டினார். வெளியிலிருந்து வரும் ஒரு பொருளை மனித உடம்பு வேறொன்றாக மாற்றுகிறது என்பதற்குக் கிடைத்த ஆரம்பகாலச் சான்றுகளில் அது ஒன்று. அந்தக் காலத்தில் சோதனைக்கு ஆள் தேட வேண்டியதில்லை, சொந்த வயிறு போதும்.

பிப்ரவரி 15
"ஆன்டிஆக்ஸிடன்ட் மதிப்பெண்ணை அரசே வெளியிட்டிருக்கிறதே" என்பவருக்கு: வெளியிட்டிருந்தது. அமெரிக்க வேளாண் துறை ஓஆர்ஏசி என்ற அந்தப் பட்டியலை 2012-ல் தன் தளத்திலிருந்து எடுத்துவிட்டது. சோதனைக் குழாயில் அளந்த எண் உடம்பில் நடப்பதைச் சொல்லாது, விளம்பரக்காரர்கள் அதைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். நானும் ஒரு காலத்தில் அந்தப் பட்டியலை அச்செடுத்துச் சமையலறையில் ஒட்டி வைத்திருந்தவன்தான். கிழித்தபோது சுவரில் பெயின்ட்டும் சேர்ந்து வந்தது.

பிப்ரவரி 20, இரவு
எனக்கு இதில் எப்படி இவ்வளவு ஈடுபாடு என்று கேட்டிருந்தார்கள். ஒரு அவமானத்தில் ஆரம்பித்தது.

சில ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு உணவு ஆய்வில் தன்னார்வலராகச் சேர்ந்தேன். முதலில் சில வாரம் முழு கோதுமை ரொட்டி, அப்புறம் சில வாரம் முழு ரை (கோதுமைக்கு உறவான ஒரு தானியம்) ரொட்டி. அவர்களே கொடுப்பார்கள், சாப்பிட்டதும் நோட்டில் டிக் போட வேண்டும். குறிப்பிட்ட நாட்களில் ரத்தம் எடுப்பார்கள், 24 மணி நேரச் சிறுநீரையும் ஒரு கேனில் சேர்த்துத் தர வேண்டும். கேனைக் குளிர்ச்சியாக வைக்க வேண்டும். "பால் பக்கத்துலயா வைப்பீங்க?" என்று என் மனைவி அதைக் கறுப்புப் பையில் கட்டி ஃபிரிட்ஜின் அடித்தட்டுக்கு நாடு கடத்தினாள். ஒன்றரை மாதம் அந்தத் தட்டில் வேறு எதுவும் வைக்கவில்லை.

நடுவில் நான்கு நாள் உறவினர் வீட்டில் தங்க நேர்ந்தது. ஆய்வு ரொட்டியைக் கொண்டுபோக மறந்துவிட்டேன். நான்கு நாளும் வெள்ளை மாவு ரொட்டிதான். திரும்பி வந்து நோட்டில் நான்கு நாளுக்கும் டிக் போட்டுவிட்டேன். யாருக்குத் தெரியப்போகிறது?

முடிவுகளைப் பேச உட்கார்ந்தபோது அந்த ஆய்வாளர் பெண் கேட்டார்: "சார், மூணாவது வாரம் உங்களுக்கு உடம்பு ஏதும் சரியில்லையா? ரொட்டி சாப்பிட முடியாம இருந்துதா?" அவ்வளவு மரியாதையாக யாரும் என்னைப் பொய்யன் என்று சொன்னதில்லை.

காட்டிக்கொடுத்தது அல்கைல்ரிசார்சினால். கோதுமை, ரை இரண்டின் தவிட்டிலும் நிறைய இருக்கும், பார்லியில் கொஞ்சம், வெள்ளை மாவில் கிட்டத்தட்ட இல்லை. ஒரு ஃபீனாலிக் தலையும் நீளமான கொழுப்பு வாலும் கொண்டது. இது ஃபெருலிக் அமிலம் மாதிரி கட்டுண்டு கிடப்பதில்லை. சிறுகுடலிலேயே கொழுப்போடு உறிஞ்சப்பட்டு, நிணநீர் வழியாக ரத்தத்துக்கு வந்து, கொழுப்புப் புரதத் துகள்களில் தொற்றிக்கொண்டு பயணம் செய்கிறது. கல்லீரல் அதன் வாலை வைட்டமின் ஈ-யின் வாலைப் போலவே துண்டு துண்டாகக் கத்தரிக்கிறது. மிஞ்சும் தலைப்பகுதிகள் இரண்டு வடிவங்களில் சிறுநீரில் வரும். ரத்தத்தில் அல்கைல்ரிசார்சினாலின் அரை ஆயுள், அதாவது அது பாதியாகக் குறைய ஆகும் நேரம், ஏறக்குறைய ஐந்து மணி நேரம்தான். நான்கு நாள் வெள்ளை ரொட்டி என்றால் ஒன்றும் மிச்சமிருக்காது. என் கேனில் இருக்கவில்லை.

இன்னொன்றும் சொன்னார். வாலின் நீளத்தைப் பார்த்து எந்த தானியம் என்றுகூடக் கண்டுபிடிக்கலாமாம். 17 கார்பன் வால் கொண்டதற்கும் 21 கார்பன் வால் கொண்டதற்கும் உள்ள விகிதம் ரையில் 1-ஐ ஒட்டியும், கோதுமையில் 0.1-ஐ ஒட்டியும் இருக்கும். ரொட்டியை மாற்றிச் சாப்பிட்டிருந்தாலும் மாட்டியிருப்பேன்.

பிப்ரவரி 21
ஓட்ஸ், அரிசி, சோளம் சாப்பிடுகிறவர்கள் பொய் சொல்லித் தப்பிக்கலாமா என்று கேட்பவருக்கு: இந்தச் சோதனையில் தப்பிக்கலாம். அவற்றில் அல்கைல்ரிசார்சினால் சொல்லும்படி இல்லை. சரி, ஹிப்யூரிக் அமிலத்தை வைத்துப் பிடிக்க முடியாதா என்றால், முடியாது. காபி, தேநீர், பழங்கள், உணவைப் பதப்படுத்தப் போடும் பென்சோயேட் என்று எல்லா ஆறும் அந்தக் கடலில்தான் கலக்கின்றன. பெயின்ட் தொழிலாளர்களின் உடம்பில் டொலுயீன் என்ற கரைப்பான் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்கவும் ஹிப்யூரிக் அமிலத்தைத்தான் அளந்தார்கள்.

முந்தைய குறிப்பைப் படித்துவிட்டு அல்கைல்ரிசார்சினால் மாத்திரை எங்கே கிடைக்கும் என்று ஒருவர் தனியாகக் கேட்டிருக்கிறார். ஐயா, அது சாட்சி. சாட்சியை விழுங்கினால் நோய் தீராது.

பிப்ரவரி 26
பாக்டீரியாவின் வேலைக்கு என்னிடம் உள்ள சிறந்த உதாரணம் லிக்னான் என்ற தாவரச் சேர்மங்கள். ரை தவிட்டில் நிறைய இருக்கிறது. அதில் ஒன்றின் பெயர் செகோஐசோலாரிசிரெசினால். ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்கள், நான் காத்திருக்கிறேன்.

1980 வாக்கில் பெண்களின் சிறுநீரில் ஒரு புதுச் சேர்மத்தைக் கண்டுபிடித்தார்கள். மாதவிடாய்ச் சுழற்சியோடு சேர்ந்து அதன் அளவு ஏறி இறங்கியதால், மனித உடம்பு சுரக்கும் புது ஹார்மோனாக இருக்குமோ என்று முதலில் நினைத்தார்கள். அதுதான் என்டரோலாக்டோன். பார்த்தால், அதைச் செய்வது நம் சுரப்பி எதுவும் அல்ல. தானியத்திலும் விதைகளிலும் வரும் லிக்னானைக் குடல் பாக்டீரியாக்கள் படிப்படியாக மாற்றி முதலில் என்டரோடயோல், அப்புறம் என்டரோலாக்டோன் ஆக்குகின்றன. ஒரே பாக்டீரியாவும் அல்ல, ஒன்று விட்ட வேலையை இன்னொன்று தொடர்கிறது. கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளில் என்டரோலாக்டோன் உண்டாவதில்லை.

இதனால் ஒரே ரொட்டியை ஒரே அளவு தின்ற இரண்டு பேரின் ரத்தத்தில் என்டரோலாக்டோன் பல மடங்கு வித்தியாசப்படும். ஃபின்லாந்தில் 2002-ல் வெளிவந்த ஒரு ஆய்வில் ஆன்டிபயாடிக் எடுத்தவர்களுக்கு அதன் அளவு குறைவாக இருந்தது, மருந்து எடுத்து 12 முதல் 16 மாதம் ஆனவர்களிடம்கூட. இதைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. ஆய்வில் சேர நான் போனபோது, அதற்கு முந்தைய மாதங்களில் ஆன்டிபயாடிக் எடுத்தீர்களா என்று மூன்று முறை கேட்டிருந்தார்கள். அப்போது எரிச்சலாக இருந்தது.

மார்ச் 3, காலை
இரும்புச்சத்து மாத்திரை பற்றிக் கேட்டவருக்கு என் அனுபவம்.

எனக்கு ஹீமோகுளோபின் குறைவாக இருந்தபோது மருத்துவர் இரும்பு மாத்திரை எழுதினார். நான் சமர்த்தாகத் தினமும் காலையில் தவிடு கலந்த கஞ்சியோடு சேர்த்து விழுங்கினேன். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் எண் நகரவே இல்லை. "மாத்திரையை ஒழுங்கா போடறீங்களா?" என்றார். போட்டேன், ஆனால் ஃபைட்டிக் அமிலத்தின் வாயில் போட்டேன்.

விதை தன் பாஸ்பரஸைப் பெரும்பாலும் ஃபைட்டிக் அமிலமாகத்தான் சேமித்து வைக்கிறது. முளைக்கும்போது தேவைப்படும் அல்லவா. ஒரு இனோசிட்டால் வளையத்தில் ஆறு பாஸ்பேட். இரும்பு, துத்தநாகம், கால்சியம் எதைக் கண்டாலும் நண்டு மாதிரிப் பிடித்துக்கொள்ளும். அதை உடைக்கும் ஃபைட்டேஸ் நொதி நம் சிறுகுடலில் மிகக் குறைவு. ஆனந்த பிரசாத் என்ற மருத்துவர் 1950களின் இறுதியில் ஈரானிலும் 1960களின் தொடக்கத்தில் எகிப்திலும் வளர்ச்சி நின்றுபோன இளைஞர்களைப் பார்த்தார். அவர்கள் உணவில் பெரும்பகுதி புளிக்க வைக்காத முழு மாவு ரொட்டி. மனிதனுக்குத் துத்தநாகக் குறைபாடு வரும் என்பதே அதன் பிறகுதான் தெளிவானது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரிட்டனில் மக்கான்ஸ், விட்டோசன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் தவிடு அதிகமுள்ள ரொட்டியைத் தின்று தங்கள் உடம்பிலேயே கால்சியக் கணக்குப் பார்த்தார்கள். கால்சியம் சரியாக ஏறவில்லை. அங்கே மாவில் கால்சியம் கார்பனேட் சேர்க்க ஆரம்பித்ததற்குப் பின்னால் இந்தக் கதை இருக்கிறது.

இப்போது பிப்ரவரி 12-ம் தேதிக் குறிப்பையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெருங்குடலில் ஃபைட்டிக் அமிலத்தையும் பாக்டீரியாக்கள் உடைக்கத்தான் செய்கின்றன. ஆனால் இரும்பை உறிஞ்சும் இடம் சிறுகுடலின் ஆரம்பப் பகுதி. வண்டி ஸ்டேஷனைத் தாண்டிய பிறகு கதவு திறந்து என்ன பயன்? ஃபெருலிக் அமிலத்துக்கு அதே தாமதத்தை நான் பாராட்டி எழுதியிருந்தேன். எங்கே அவிழ்கிறது என்பதுதான் முக்கியம் போல.

நான் மாத்திரையை மதியத்துக்கு மாற்றி எலுமிச்சைச் சாறோடு குடித்தேன். வைட்டமின் சி இரும்பை ஃபைட்டிக் அமிலத்திடமிருந்து ஓரளவு காப்பாற்றும். அடுத்த பரிசோதனையில் எண் ஏறியிருந்தது.

மார்ச் 3, இரவு
காலையில் எழுதியதில் ஒரு ஓட்டை. கஞ்சியிலிருந்து பிரித்தேன், எலுமிச்சையைச் சேர்த்தேன், அதே வாரத்தில் மாத்திரை பிராண்டையும் மாற்றினேன். காலையில் கஞ்சிக்குப் பின் குடித்த தேநீரும் மாத்திரைக்குப் பக்கத்தில் இல்லாமல் போனது, தேநீரும் இரும்பைத் தடுக்கும். நான்கையும் ஒன்றாக மாற்றிவிட்டுப் பழியைக் கஞ்சி மேல் போட்டிருக்கிறேன். அந்த ஆய்வாளர் பெண் இதைப் படித்தால் மறுபடியும் மரியாதையாகச் சிரிப்பார்.

மார்ச் 11
ஊறவைத்தால், முளைகட்டினால், புளிக்கவைத்தால் என்ன ஆகும் என்று மூன்று பேர் கேட்டாயிற்று. மூன்றிலும் விதையின் சொந்த ஃபைட்டேஸ் விழித்துக்கொள்கிறது. புளிப்பில் அமிலத்தன்மை ஏறுவதால் அது இன்னும் நன்றாக வேலை செய்யும். ஈஸ்ட்டும் லாக்டிக் பாக்டீரியாவும் சேர்ந்தால், அதுவும் தானியத்தின் நொதிகளோடு, ஃபெருலிக் அமிலத்தின் கட்டும் கொஞ்சம் தளரும். பெருங்குடல் செய்யும் வேலையில் ஒரு சிறு பகுதியைப் பாத்திரத்திலேயே முடித்துக்கொள்கிறோம் என்று வைத்துக்கொள்ளலாம்.

நைசாக அரைப்பதும் உதவும். அரைக்காததற்கு உதாரணம் மக்காச்சோளம். சரியாக மெல்லாமல் விழுங்கினால் மறுநாள் அது எந்த வடிவத்தில் திரும்ப வருகிறது என்பதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதன் தோலில் உள்ள செல்லுலோஸை உடைக்க நமக்கு நொதி இல்லை. முழு தானியத்தை முழுசாக விழுங்குவதில் பெருமை எதுவும் இல்லை.

மார்ச் 19
ஓட்ஸை ஒரே வரியில் தள்ளிவிட்டேன் என்று வருத்தப்படுபவருக்கு. ஓட்ஸிலும் பார்லியிலும் உள்ள பீட்டா குளுக்கான் என்ற நார்ச்சத்து உறிஞ்சப்படாமலேயே வேலை செய்யும் ரகம். குடலில் கூழாகி, பித்த அமிலங்களைத் தடுத்து வைக்கிறது. வழக்கமாகப் பித்த அமிலங்களில் 95 சதவீதம் திரும்ப உறிஞ்சப்பட்டுக் கல்லீரலுக்குப் போகும். திரும்பாமல் போனால் கல்லீரல் கொலஸ்ட்ராலை எடுத்துப் புதிதாகச் செய்ய வேண்டும், ரத்தத்தில் எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ரால் குறையும். நாளைக்கு 3 கிராம் என்ற கணக்கை வைத்து அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1997-ல் ஓட்ஸ் பாக்கெட்டில் இதைச் சொல்லிக்கொள்ள அனுமதித்தது. பாக்கெட்டில் அச்சடிப்பதெல்லாம் பொய் என்ற என் தொனியைக் கொஞ்சம் இறக்கிக்கொள்கிறேன்.

ஏப்ரல் 2
பல்லில் சீழ். ஏழு நாள் ஆன்டிபயாடிக். இன்று கடைசி மாத்திரை.

ரை ரொட்டியை நிறுத்தவில்லை, இடது பக்கமாக மென்று கொண்டிருக்கிறேன். அல்கைல்ரிசார்சினாலுக்குப் பாக்டீரியா தேவையில்லை, அது வழக்கம்போல் சிறுகுடலில் ஏறிவிடும். என்டரோலாக்டோன் தொழிற்சாலைதான் அநேகமாகப் பூட்டிக் கிடக்கும். இப்போது என் ரத்தத்தையும் கேனையும் கொண்டுபோய்க் கொடுத்தால், ஒரு சேர்மம் நான் ஒழுங்காகச் சாப்பிட்டதாகச் சத்தியம் செய்யும், இன்னொன்று நான் தானியத்தைத் தொட்டதே இல்லை என்று சாதிக்கும். இந்த முறை டிக் எல்லாம் உண்மை.